பத்தொன்பதாம் பக்கம்

2025 நவம்பர் 12, புதன்கிழமை.

நேற்று ஒரு தப்பு செய்துவிட்டேன். அம்மா சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கடிதத்தைத் திருப்பிப் படித்தேன். படித்ததோடு நிற்காமல் செல்போனில் படம் எடுத்து ஆல்வின் அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடமே அழிக்கப் போனேன். அதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

சின்னத் தப்புதான் என்று எழுதினேன். ‘சின்ன’ என்பதை அடித்தேன். இப்போது மறுபடி எழுதுகிறேன். அதன் அளவு எனக்கே தெரியவில்லை.

கடிதத்தில் இருந்ததையும் எனக்கு முன்பே தெரிந்ததையும் வரிசையாக எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால்தான் எனக்குப் புரியும்.

அம்மா தங்கபாய், கரட்டுக்குளம் நகராட்சியில் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது. நாலு வருடத்துக்கு முன்புவரை பேரூராட்சி. அங்கே பில் கலெக்டராகச் சேர்ந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. இந்த மாதம் 28-ம் தேதி ஓய்வு.

போன ஜனவரியில், பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பு, அரசு மானியம் வரவில்லை. தினக்கூலித் தூய்மைப் பணியாளர்கள் நூற்றுப்பன்னிரண்டு பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. புது வீட்டுக்காரர்கள் குடிநீர் இணைப்புக்குக் கட்டிய டெபாசிட் பணம் தனிக் கணக்கில் கிடந்தது. அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. அம்மா தொட்டாள். இருபத்தாறு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் எடுத்துச் சம்பளம் போட்டாள். மானியம் வந்ததும், நாற்பத்தோராவது நாள், முழுவதையும் திருப்பி வைத்தாள்.

பத்து மாதம் கழித்துத் தணிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள்: யார் உத்தரவில் எடுத்தீர்கள்? உத்தரவைக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

காட்ட உத்தரவு இல்லை. அன்றைய ஆணையர் கருத்தையா, விருதுநகரில் கூட்டத்தில் இருந்தபடி போனில் சொன்னார்: போடுங்க, வந்து கையெழுத்துப் போடுறேன். வந்தார், போடவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மே மாதம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

பதில் சரியில்லை என்றால் அம்மா மேல் குற்றச்சாட்டு பதிவாகும். ஓய்வு நாளன்று பூமாலைக்குப் பதில் நிறுத்திவைப்பு உத்தரவு வரும். பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் விசாரணை முடிகிறவரை நிற்கும். இரண்டு வருடமும் ஆகலாம், ஏழு வருடமும் ஆகலாம்.

வட்டி இழப்பு என்று அவர்கள் போட்டிருக்கும் தொகை பன்னிரண்டாயிரத்து எழுபத்தேழு ரூபாய். நான் மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு அண்ணன் வந்து நின்றான். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள்.

“படிச்சதும் நீ, அனுப்புனதும் நீ. காப்பியும் நீயே போடு.”

நான் அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தும் எல்லாம் கேட்டது.

அண்ணன் பயப்பட ஒரு காரணம் உண்டு. கரட்டுக்குளத்தின் கிழக்குப் பக்கம் புதிதாகப் பிரித்த நகரில் ஒரு பிளாட்டுக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறான். அம்மாவின் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கு தருவதாகப் பேச்சு. ஜனவரிக்குள் பத்திரம் பதியாவிட்டால் முன்பணம் போய்விடும். அப்பா பொன்னுராஜ் இறந்து ஆறு வருடமாக வீட்டில் பெரிய முடிவு எதுவும் எடுக்கப்படவில்லை. இது முதலாவது. அவன் எடுத்தது.

அவன் நேற்றே கருத்தையா சாரிடம் பேசிவிட்டானாம்.

“கையெழுத்துப் போடுதேன்னுட்டாரும்மா.”

“எதுல?”

“குறிப்புத் தாள்ல. ஜனவரித் தேதி போட்டு.”

அம்மா பேச்சை மாற்றினாள். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாள். விட்டது என்றான். காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு பையிலிருந்து அலுவலக நீளத் தாள் ஒன்றை எடுத்து, மேசையில் வைத்து, ஜனவரியில் எழுதியிருக்க வேண்டிய குறிப்பை இன்று எழுதினாள். எட்டு வரி. எங்கும் நிறுத்தி யோசிக்கவில்லை.

“ஜெபா, கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லு. வண்டிய எடு.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

இரவு பெய்த மழையில் ரோட்டோரம் முழுக்கத் தண்ணீர். மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்து வரும்போது அம்மா வழக்கமாகப் பேசிக்கொண்டே வருவாள். வீடுகளைப் பார்த்தால் அவளுக்கு வரி எண்தான் தெரியும். அவன் மேலே ஒரு தளம் எடுத்திருக்கான், கட்டுறது கீழ்த்தளத்துக்கு மட்டும். இவன் கடையை வீடுன்னு காட்டியிருக்கான். இந்த ரோட்டில் எத்தனையோ முறை இப்படிக் கேட்டிருக்கிறேன். இன்று கரட்டுக்குளம் எல்லைப் பலகை வந்து, போனது. அவள் பேசவில்லை.

அவள் சேர்ந்தபோது அந்த ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் வரி எண்கள். இன்று பதினோராயிரத்து அறுநூறு. மாதத்துக்கு ஒரு நகர் முளைக்கிறது. முளைத்ததும் ரோடு கேட்கிறார்கள், விளக்கு கேட்கிறார்கள், குப்பை வண்டி கேட்கிறார்கள். வரி வந்து சேர இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் டெபாசிட் மட்டும் முதல் நாளே வந்துவிடுகிறது. அதனால் ஒரு கணக்கில் பணம் குவிந்து கிடக்கும். பக்கத்துக் கணக்கில் சம்பளத்துக்கு இருக்காது. முப்பத்தொரு வருடமும் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் அம்மா நின்றாள். எழுத்தில் இல்லாமல் ஒரு ரூபாய் நகர்த்தியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்று ஏன் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். பணியாளர்கள் எல்லாரும் காலையிலிருந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார்களாம். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எழுத்தில் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பேன் என்றாள்.

கருத்தையா சார் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவர் மனைவி வெள்ளைத்தாய் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்தோம் என்று தெரிந்த முகம். வாங்க தங்கச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கருத்தையா சாரைக் கெட்டவர் என்று நினைக்க எனக்கு வழியில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு கவுன்சிலர் அம்மாவின் மேசையைத் தட்டிப் பேசியபோது, தன் அறையிலிருந்து எழுந்து வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர். ஒரு வார்த்தை பேசாமல் நின்றார், கவுன்சிலர் போகும்வரை. அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எங்களுக்குக் காப்பியும் பால்கோவாவும் வந்தன. அவருக்குச் சர்க்கரை வியாதி, வெறும் தண்ணீர்தான். ஓய்வு பெற்றபின் காலையில் எட்டு மணிவரை தூங்கலாம் என்று நினைத்தேன், நாலரைக்கே முழிப்பு வருது தங்கபாயம்மா என்றார். நான் சொன்னதுதான், நான் இல்லைன்னு எங்கயும் சொல்ல மாட்டேன் என்றார். தாளை வாங்கி எட்டு வரியையும் படித்தார். உங்க கையெழுத்து மாறவே இல்லை என்றார்.

பேனா மூடியைத் திறந்தவரை அம்மா நிறுத்தினாள்.

“சார், இதுக்குப் பதிலா வேற ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு போன்ல நீங்கதான் சொன்னீங்கன்னு, இன்னைக்குத் தேதி போட்டு ரெண்டு வரி எழுதித் தாங்க. எனக்கு அது போதும்.”

அவர் பேனாவைத் தாளின் மேல் வைத்தார்.

“அது மட்டும் கேக்காதீங்கம்மா. ஜனவரித் தேதியில எழுதுனா அது உத்தரவு. இன்னைக்கு எழுதுனா அது வாக்குமூலம். என் பணிக்கொடையில பாதி இன்னும் வரல.”

பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கீழே 9.1.2025 என்று எழுதினார். எழுதிய வேகத்தில் மை கொஞ்சம் இழுபட்டது. ஊதிக் காயவைத்து, அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா நன்றி சார் என்றாள். தாளை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்து அட்டையைப் பைக்குள் வைத்தாள்.

திரும்பும்போது, மம்சாபுரம் விலக்கு வரும்வரை இதையே நான் புரட்டிப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுத அவருக்குப் பயம். நடக்காததை எழுத அவருக்குப் பயமில்லை. ஆனால் தாள் எங்கள் பையில் இருக்கிறது, அம்மா தப்பித்துவிட்டாள். அதுதானே வேண்டும். அதுதான் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டேன். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

பன்னிரண்டரைக்கு ஆபீஸ் வாசலில் அம்மாவை இறக்கிவிட்டேன். மறுபடி தூறல் பிடித்தது. செத்த நேரம் உள்ள வந்து உக்காரு என்றாள். கணக்குப் பிரிவில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இளநிலை உதவியாளர் பாண்டீஸ்வரி மட்டும் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கூமாப்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்.

அம்மா அந்தச் சம்பளக் கோப்பைக் கேட்டாள். பாண்டீஸ்வரி கொண்டுவந்து வைத்தாள்.

இந்த இடத்தில் அம்மாவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோப்பில் ஒரு தாள் சேரும்போதே அதன் மேல் மூலையில் சிவப்பு மையில் பக்க எண் போட வேண்டும். எண் இல்லாத கோப்பு அம்மாவின் மேசைக்கு வந்தால், திறக்காமலே திருப்பி அனுப்புவாள். நடுவில் ஒன்றை உருவவும் முடியாது, நடுவில் ஒன்றைச் செருகவும் முடியாது. அதற்காகத்தான் அந்த வழக்கம். அந்த ஆபீசில் அதைக் கொண்டுவந்ததே அவள்தான்.

கோப்பில் ஐம்பத்தெட்டுப் பக்கம் இருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் பணியாளர்களின் மனு. பத்தொன்பதாம் பக்கத்தில் வங்கிக்குப் போன கடிதத்தின் நகல். பச்சை மைத் தாள் இரண்டுக்கும் நடுவில் போக வேண்டும். அம்மா தாளை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா எண்ணும் பாண்டீஸ்வரியின் கையெழுத்து.

அம்மா எதுவும் கேட்கவில்லை. இதை நான் உறுதியாக எழுதுகிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாண்டீஸ்வரியே தாளைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

“பத்தொம்பதுல இருந்து கடைசி வரைக்கும் மாத்தணும் மேடம். பழைய எண்ண மறைச்சு ஜெராக்ஸ் போட்டு வச்சிட்டா தெரியாது. அரை மணி நேரத்துல முடிச்சிருதேன். மங்குன மையில ஒரு பேனா தனியா வச்சிருக்கேன்.”

“தனியா எதுக்கு வச்சிருக்க?”

பாண்டீஸ்வரி மேசை விளிம்பைத் தடவினாள்.

“போன மாசம் வேற ஒரு ஃபைலுக்கு மேனேஜர் சார் கேட்டாரு மேடம். உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்.”

அம்மாவுக்குத் தெரியாது. அது அவள் முகத்தில் எழுதியிருந்தது. எந்தக் கோப்பு என்று அவள் உடனே கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தாளை எடுத்து மறுபடி அட்டைக்குள் வைத்தாள். கோப்பின் நாடாவைத் தானே கட்டினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். இன்னும் இல்லை மேடம் என்றாள் பாண்டீஸ்வரி. போய்ச் சாப்பிடு என்றாள்.

நான் தூறலில் நனைந்துகொண்டே கம்பெனிக்குப் போனேன். பேண்டேஜ் பெட்டிகளுக்குப் பில் போடும்போது இரண்டு பில்லில் பெட்டி எண்ணிக்கை தப்பாகி, மறுபடி போட்டேன்.

மாலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் போட்டித் தேர்வு வகுப்பு. போகாமல் வீட்டுக்கு வந்துவிடலாமா என்று இருந்தது. போனேன். பாடம் ஒன்றும் ஏறவில்லை. நோட்டின் நடுவில் கோடு போட்டு, தாளைக் கொடுத்தால் என்ன ஆகும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பத்தி எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தியில் அம்மாவின் ஓய்வூதியம், அண்ணனின் பிளாட், என் கல்யாணம் என்று மளமளவென்று வந்தது. இரண்டாவதில் ‘பாண்டீஸ்வரி’ என்று மட்டும் எழுதினேன். அதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஏழே முக்காலுக்கு வீடு வந்தேன். அண்ணன் வாசல் படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தான். ஆபீசில் நடந்ததை அம்மா அவனிடம் சொல்லியிருந்தாள். அம்மா மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள். தணிக்கைக்கான பதிலை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

அன்றைய ஆணையர் திரு. கருத்தையா தொலைபேசியில் அளித்த வாய்மொழி உத்தரவின்பேரில் தொகை எடுக்கப்பட்டது. அதை எழுத்தில் பெறாதது என் தவறு. தொகை முழுவதும் திரும்பச் செலுத்தப்பட்டுவிட்டது. வட்டி இழப்பை நான் செலுத்துகிறேன்.

நாலே வாக்கியம். பொங்கலைப் பற்றியோ, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியோ ஒன்றும் இல்லை.

அண்ணன் உள்ளே வந்தான்.

“கையெழுத்துப் போட்ட தாள் பையில இருக்கு. அத வச்சுக்கிட்டு இத எழுதுதீங்க. அவிய வீட்டுல காப்பியக் குடிச்சிட்டு வந்து அவிய பேரையே எழுதுதீங்க.”

“ஆமா.”

“என் ரெண்டு லட்சம் போயிரும்மா.”

“தெரியும்லே.”

“உங்க பென்சனும் நிக்கும்.”

“அதுவும் தெரியும்.”

நாலு காசு தின்னோம், வீட்டுக்குக் கொண்டுவந்தோம் என்றால் பயப்படலாம், ஒரு பைசா தொடாத நீங்கள் எதற்கு மாட்ட வேண்டும் என்று கேட்டான். அதில் தப்பு என்ன என்று எனக்கும் தெரியவில்லை.

“வெறும் நம்பருதானம்மா. நாப்பது தாள்ல நம்பர மாத்துறது ஒரு வேலையா?”

அம்மா பதிலை மடித்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு இன்னும் முப்பத்து மூணு வருசம் சர்வீஸ் இருக்குலே. நான் கேக்க முன்னயே மைய எடுத்து வச்சிருக்கா.”

அண்ணன் சாப்பிடாமல் கிளம்பினான். வண்டிவரை போனவன் ஹெல்மெட்டுக்காகத் திரும்பி வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டு எட்டரைக்கு நான் அனுப்பியதற்கு இன்னும் பதில் இல்லை.

மேனேஜரின் அந்த இன்னொரு கோப்பைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். இன்னும் பதினாறு நாள் இருக்கு, அத நான் பாத்துக்கிடுதேன் என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்தபின் அட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். இத அவர்கிட்டயே திருப்பிக் கொடுக்கணும், அவர் பேரு பதில்ல இருக்குங்கறத அவர் தபால்ல தெரிஞ்சுக்கக் கூடாது, நேர்ல தெரிஞ்சுக்கணும் என்றாள்.

நீங்களே போகலாமே என்றேன். நாளைக்கு ஒன்பதரைக்கே தணிக்கைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்றாள். பிறகு, அது காரணமில்லை என்றாள்.

“நான் போனா அவரு பேசியே என் மனச மாத்திருவாரு. எனக்கு மாறணும்னு ஆசையும் இருக்கு.”

“எனக்குப் பேச வராதும்மா.”

“அதான் உன்ன அனுப்புதேன்.”

அவரிடம் என்ன சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. இரண்டாவது மிரட்டுவதுபோல் இருந்தது. மூன்றாவதை எழுதி முடிக்கவில்லை.

நாளை, வியாழன்: ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பச்சை மைத் தாளைக் கருத்தையா சார் கையில் கொடுக்க வேண்டும். அவர் பெயர் பதிலில் இருக்கிறது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு முன்னால் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் பதிலைக் கொடுப்பாள்.